நீர்மட்டத்தில் இரு கண்கள்

(தூத்துக்குடியில் இயற்கை ஆர்வலர்கள் கூடிய அவையொன்றில், ஓய்வுபெற்ற கப்பல் தலைவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பனாமா நாட்டில் காத்தூன் என்று ஓர் ஏரி இருக்கிறது. என் கப்பல் வாழ்க்கையில் அதைப் பதினொரு முறை கடந்திருக்கிறேன். தண்ணீரிலிருந்து முப்பது மீட்டர் உயரத்தில், கப்பலின் பிரிட்ஜில் நின்றபடி. பதினொரு முறையும் என் கண்ணில் பட்டவை சிவப்பு மிதவை, பச்சை மிதவை, முன்னால் போகும் கப்பலின் பின்புறம், ரேடார் திரை. இரண்டு பக்கமும் பச்சையாகக் காடு இருந்தது. அது வெறும் கரை என்றுதான் நினைத்திருந்தேன்.

இத்தனைக்கும் பார்க்க நேரம் இல்லாமல் இல்லை. உலகத்தின் பெரும்பாலான துறைமுகங்களில், கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஏறினாலும் கப்பலின் பொறுப்பு தலைவனிடமே இருக்கும். பனாமாக் கால்வாயில் மட்டும் கப்பலை நடத்தும் அதிகாரத்தையே பைலட் கையில் எடுத்துக்கொள்வார். ஆகவே, என் வாழ்நாளில் கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் ஓரளவு சும்மா நின்ற இடம் உண்டென்றால் அது இந்த ஏரிதான். நின்றேன், பார்த்தேன், எதையும் காணவில்லை.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு பன்னிரண்டாம் முறையாகப் போனேன். இந்த முறை கயாக்கில். கயாக் என்றால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒருவரோ இருவரோ காலை நீட்டி உட்கார்ந்து, இருபக்கமும் தகடு வைத்த ஒரே துடுப்பால் தள்ளிக்கொண்டு போகும் ஒல்லியான படகு. நம் வள்ளத்தைப் போல அதில் எழுந்து நிற்க முடியாது. உட்கார்ந்தால் இடுப்பு ஏறக்குறைய நீர்மட்டத்தில் இருக்கும். கண், தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டர்கூட இருக்காது. முப்பது மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு இறங்கியதில் எனக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஏரியைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அங்குள்ள ஒரு விலங்கைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாது.

காத்தூன் இயற்கையான ஏரி இல்லை. சாக்ரெஸ் என்ற ஆற்றின் குறுக்கே அமெரிக்கர்கள் மண்ணால் கட்டிய அணைதான் அதை உண்டாக்கியது. 1913-இல் மதகுகளை அடைத்தார்கள், தண்ணீர் ஏறியது. 1914 ஆகஸ்ட் 15 அன்று கால்வாய் திறக்கப்பட்டது. சுமார் 425 சதுர கிலோமீட்டர் பரப்பு. அன்றைய உலகில் மனிதன் கட்டிய ஏரிகளிலேயே பெரியது. கடல் மட்டத்தைவிட 26 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அட்லாண்டிக் பக்கமிருந்து வரும் கப்பலை லாக் எனப்படும் மூன்று கதவுத் தொட்டிகள், மூன்று படிகள் போல, அந்த உயரத்துக்கு ஏற்றிவிடுகின்றன. ஏற்றுவதற்கு எந்திரப் பம்பு ஏதும் கிடையாது. ஏரித் தண்ணீர் தன் எடையால் தானே இறங்கி லாக்கை நிரப்புகிறது, கப்பல் மேலே வருகிறது. ஒரு கப்பல் ஒரு முறை கடந்தால் ஏறக்குறைய 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலுக்குப் போய்ச் சேர்கிறது. பனாமா நகரமும் கோலோன் நகரமும் குடிப்பதும் இதே தண்ணீரைத்தான்.

அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. மனிதர்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கு. 1855-இல் முடிந்த பனாமா ரயில் பாதை அதன் வழியாகத்தான் போயிற்று. கோர்கோனா, மத்தாச்சின், போயியோ, தாபெர்னில்யா என்று வரிசையாக ஊர்கள், நிலையங்கள், சந்தைகள், வாழைத் தோட்டங்கள். ரயில் நிலையம் ஒன்றுக்கு அவோர்க்கா லகார்த்தோ என்று பெயர். முதலையைத் தூக்கில் தொங்கவிட்ட இடம் என்பது போலப் பொருள்படும் ஸ்பானியப் பெயர். மக்களைக் காலி செய்ய 1912-இல் ஆணை வந்தது. ஊர்கள் போயின. குன்றுகளின் உச்சிகள் மட்டும் தீவுகளாக எஞ்சின. காட்டை முழுவதும் வெட்டவில்லை. பெரும்பகுதியை அப்படியே மூழ்கவிட்டார்கள்.

தேக்கடிக்குப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். 1895-இல் நீர் ஏறிய அந்த ஏரியில் பட்டமரங்கள் இன்னும் தலைநீட்டி நிற்பதையும், அவற்றின் மேல் பாம்புத்தாரா இறக்கை விரித்துக் காய்வதையும் பார்த்திருப்பீர்கள். காத்தூனிலும் அப்படித்தான். நூறாண்டு கடந்தும் அடிமரங்கள் நிற்கின்றன. ஆழத்தில் காற்று இல்லாததால் மரம் மட்குவதில்லை. கப்பல் பாதையில் அவற்றை வெட்டி அப்புறப்படுத்திவிட்டார்கள். ஓரத்துக் குடாக்களில் வெட்டவில்லை. அதனால்தான் பதினொரு முறையும் என் கண்ணில் அவை படவே இல்லை. கயாக்கில் போனபோது அந்த மரங்களுக்கு நடுவேதான் புகுந்து போக வேண்டியிருந்தது.

எனக்கு வழிகாட்டியாக வந்தவர் சாக்ரெஸ் ஆறு கால்வாயைச் சேரும் கம்போவா என்ற ஊர்ப்பக்கத்துக்காரர். அவருடைய கொள்ளுத்தாத்தா பார்படோஸ் தீவிலிருந்து கால்வாய் வெட்ட வந்தவர். அந்த வேலையில் அமெரிக்கர் காலத்தில் மட்டும் 5,609 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கரீபியத் தீவுகளின் கறுப்பினத் தொழிலாளர்கள். படகில் ஏறும் முன் அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "கேப்டன், இங்கே எல்லா மரக்கட்டையும் மரக்கட்டை இல்லை."

கால்மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு அடிமரங்களுக்கு இடையே மூன்றாவதாக ஒரு கட்டை கிடந்தது. என் துடுப்பு இறங்கப்போன இடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டர் இருக்கும். நான் வழக்கம் போலத் திசையைக் கணக்கிட்டு அதைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தேன். பின்னாலிருந்து, "துடுப்பை நிறுத்துங்கள்" என்று மெல்லிய குரல். நிறுத்தினேன். அப்போதுதான் கட்டைக்குக் கண் இருப்பது தெரிந்தது.

அமெரிக்க முதலை. அதன் தலையை இயற்கை எப்படி அமைத்திருக்கிறது பாருங்கள்: மூக்கு, கண், காது மூன்றும் தலையின் மேல்பரப்பில் ஒரே மட்டத்தில். உடம்பு முழுவதும் நீருக்குள் இருக்க, மூச்சும் பார்வையும் கேள்வியும் மட்டும் வெளியே. நானும் அந்தக் கணத்தில் ஏறக்குறைய அதே மட்டத்தில்தான் இருந்தேன். ஒரு முதலையின் கண்ணை நேருக்கு நேர், மேலிருந்து கீழாக இல்லாமல், சமமாகப் பார்த்தது என் வாழ்வில் அந்த ஒரு முறைதான். மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். நடுவே நெட்டுக்குத்தாக ஒரு கோடு. எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பயத்துக்கு மேலே வேறொன்றும் இருந்தது. இவ்வளவு காலமும் இதே தண்ணீரில் என் கப்பல்களை இது பார்த்துக்கொண்டு இருந்திருக்கும் என்ற நினைப்பு.

அது எங்களைத் தாக்கவில்லை, ஓடவும் இல்லை. அப்படியே கீழே இறங்கிற்று. மூழ்கியது என்று சொல்ல முடியாது. ஒரு சுழிகூட எழவில்லை. தண்ணீர் மூடிக்கொண்டது.

1928-இல் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன் என்ற அமெரிக்கப் பயண எழுத்தாளர் இந்தக் கால்வாயை நீந்தியே கடந்தார். கப்பலுக்கு வரி போடுவது போல அவருடைய எடைக்கும் கணக்குப் பார்த்து 36 சென்ட் வசூலித்தார்கள். அவர் நீந்தியபோது கூடவே ஒரு படகில் துப்பாக்கிக்காரர் ஒருவர் வந்தார், முதலைக்காக. அந்தக் காலத்தில் விலங்கைச் சந்திப்பதற்கு மனிதன் செய்துகொண்ட ஏற்பாடு அது. எங்களிடம் துப்பாக்கி இல்லை, சில வழக்கங்கள் இருந்தன. முதலைக்கும் கரைக்கும் நடுவில் போகக் கூடாது. கையைத் தண்ணீரில் தொங்கவிடக் கூடாது. மீன் கழிவை நீரில் எறியக் கூடாது. பொழுது சாயும் முன் ஓரக் குடாவை விட்டு வெளியேறிவிட வேண்டும். நம் பகுதியிலும் இப்போது கயாக் ஓட்டும் இளைஞர்கள் பெருகிவருகிறார்கள். உப்பங்கழியானாலும் சரி, குளமானாலும் சரி, விலங்கு விலகுவதற்கு எப்போதும் ஒரு வழியைத் திறந்து வைத்திருங்கள்.

முதலையைப் பார்த்த அதே குடாவின் கடைசியில் மிதக்கும் தாவரங்கள் அடர்ந்து பாய் விரித்தது போல் கிடந்தன. அதன் மேல் இலைக்கோழி. கடம்பாக்குளத்திலும் பெருங்குளத்திலும் நாம் பார்க்கும் நீளவால் இலைக்கோழியின் உறவு அது; நீண்ட விரல்களை அகல விரித்து, எடையைப் பரப்பி, இலை மேல் நடக்கும். அந்தப் பக்கத்து இனத்துக்கு நெற்றியில் சிவந்த தோல் மடிப்பும், பறக்கும்போது மஞ்சளாய்ச் சுடர்விடும் இறகுகளும் உண்டு. அதன் சிறகுக்கு அடியில் ஆறு கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தேன், அதன் சொந்தக் கால்களைச் சேர்க்காமல் ஆறு.

அப்பன் பறவை அது. மூன்று குஞ்சுகளைச் சிறகால் அள்ளி இடுக்கிக்கொண்டு நடந்தது. குஞ்சுகளின் கால்கள் மட்டும் வெளியே ஊசலாடின. இலைக்கோழிகளில் பெண் உருவில் பெரியது; பல ஆண்களின் எல்லைகளைத் தன் ஆளுகைக்குள் வைத்திருக்கும்; முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு எல்லையைக் காக்கப் போய்விடும். அடைகாப்பதும் வளர்ப்பதும் ஆணின் வேலை. ஸ்டீபன் எம்லென் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதே சாக்ரெஸ் ஆற்றில்தான் இந்த வாழ்க்கையை விரிவாகப் பதிவு செய்தார்கள். முதலை நடமாடும் நீரில், ஒரு இலைத் தட்டின் மேல், மூன்று உயிர்களைத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஒரு தகப்பன். மாதக்கணக்கில் பிள்ளைகளைப் பிரிந்து கடலில் கிடந்தவன் நான். கொஞ்ச நேரம் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழிகாட்டியும் ஒன்றும் கேட்கவில்லை.

கரையோரக் கிளையிலிருந்து ஒரு ஓணான் பொத்தென்று தண்ணீரில் விழுந்து, மூழ்காமல், பின்னங்கால் இரண்டால் நீரின் மேலேயே ஓடிப்போனதையும் பார்த்தேன். பாசிலிஸ்க், பனாமாக்காரர்கள் மெராச்சோ என்பார்கள். கால் பாதத்தால் நீரை அறைந்து ஒரு காற்றுக் குழியை உண்டாக்கி, அந்தக் குழி மூடுவதற்குள் காலை உருவிக்கொள்கிறது. இரண்டே விநாடி. பின்னாலிருந்த வழிகாட்டிக்குக் காட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கே தண்ணீரில் இறங்கினோம். மூட்டம் ஏரி மேல் படுத்திருந்தது. தூரத்தில் ஒரு கப்பல் நீளமாக ஒரு முறை கொம்பு ஊதியது. ஊதி முடித்த மறுகணம் கரைக் காட்டிலிருந்து பதில் வந்தது. அதைக் குரங்கின் குரல் என்று முதல்முறை கேட்பவர் யாரும் நம்பமாட்டார்கள். புலி, புயல், பழைய நீராவி எந்திரம், மூன்றும் சேர்ந்தாற்போல் ஒரு முழக்கம். ஊளைக் குரங்கு. ஆண் குரங்கின் தொண்டையில் ஓர் எலும்பு கிண்ணம் போலப் பெருத்து, குரலை எதிரொலித்துக் கூட்டித் தருகிறது. கிலோமீட்டர் கணக்கில் கேட்கும். இடி இடித்தாலும், விமானம் போனாலும், பக்கத்துக் கூட்டம் கத்தினாலும் அவை பதில் கொடுக்கும்.

நான் அந்த ஏரியில் எத்தனை முறை கொம்பு ஊதக் கேட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எண்ணத் தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் பதில் வந்திருக்கும். கண்ணாடி அடைத்து, குளிரூட்டி ஓடும் அறைக்குள் நின்றுகொண்டிருந்த எனக்கு அது எட்டவே இல்லை.

அந்தக் காடு பார்ரோ கொலொராதோ தீவைச் சேர்ந்தது. ஆற்றோரத்தில் வெறும் குன்றாக இருந்து, நீர் ஏறியதால் தீவானது. ஏறக்குறைய 1,500 ஹெக்டேர். 1923-இல் அதை ஆய்வுக்கென்று ஒதுக்கினார்கள்; இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. 1931-இல் கிளாரன்ஸ் கார்ப்பென்டர் அங்கே போய் இந்தக் குரங்குகளின் பின்னாலேயே மாதக்கணக்கில் அலைந்தார். காட்டிலேயே வைத்துக் குரங்குகளின் சமூக வாழ்வை முறையாக ஆராய்ந்த முதல் ஆய்வு என்று அதைச் சொல்வார்கள். அதன் பிறகு ஒரு துயரம் நடந்தது. மஞ்சள் காய்ச்சல் என்று ஒரு நோய் தெரியுமல்லவா? 1880-களில் பிரெஞ்சுக்காரர்களின் கால்வாய்க் கனவை முறித்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. கொசுக்களை ஒழித்து அந்த நோயை அடக்கிய பிறகே அமெரிக்கர்களால் வேலை செய்ய முடிந்தது. மனிதரை விட்ட அந்த நோய் 1940-களின் இறுதியில் காட்டு வழியாகத் திரும்பி வந்து ஊளைக் குரங்குகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. நான் அன்று காலை கேட்டது, அதில் தப்பியவற்றின் பேரப்பிள்ளைகளின் குரல்.

தீவு ஆனதால் பிழைத்த உயிர்கள் உண்டு; தீவு ஆனதாலேயே அழிந்தவையும் உண்டு. காட்டின் தரையோடு வாழ்ந்து, அகன்ற நீரைப் பறந்து கடக்கத் துணியாத பறவைகள் பல, அந்தத் தீவிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன. எதிர்க்கரையில் இன்றும் அவை உண்டு.

இப்போது உங்களுக்கு ஒரு மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பயணத்தில் என்னை மிகவும் குழப்பியது அதுதான்.

மூன்றாம் நாள் நண்பகல். வெயில் நேராக இறங்க, நீர் தெளிந்து அடிமரத்தின் வேர் வரை தெரிந்தது. அந்த வேரடியில் புகை போல ஒன்று அசைந்தது. உற்றுப் பார்த்தால் மீன் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில், ஒரே உருண்டையாகத் திரண்டு மிதந்தன. இருபுறமும் இரண்டு பெரிய மீன்கள். பொன்பச்சை உடம்பில் கறுப்புப் பட்டைகள். வாலில் மயிற்பீலியின் கண் போல் ஒரு வட்டம். படகின் நிழல் விழுந்ததும் ஆண்மீன் எங்களை நோக்கி வந்து வாயைத் திறந்து நின்றது. விலகிப்போ என்று அது சொல்வதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் வேண்டியிருக்கவில்லை.

பீக்காக் பாஸ். அமேசான் பக்கத்து மீன். பனாமாவில் அதற்கு சர்ஹெந்தோ என்று பெயர். உடம்புப் பட்டைகளைப் பார்த்து, சார்ஜென்ட் என்ற பொருளில் வைத்தது. 1967-இல் சாக்ரெஸ் மேல்பகுதியில் ஒரு குளத்தில் வளர்த்ததிலிருந்து தப்பி ஆற்றில் இறங்கியது. சில ஆண்டுகளில் ஏரி முழுக்க அதன் ஆட்சி. தாமஸ் ஸாரெட், ராபர்ட் பெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1973-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. ஏரியில் சாதாரணமாகக் கிடைத்துக்கொண்டிருந்த உள்ளூர்ச் சிறுமீன்களில் பெரும்பாலானவை அது பரவிய இடங்களிலிருந்து துடைத்தெடுத்தாற்போல் போய்விட்டன. சிறுமீன் போனதும் அவற்றைத் தின்று வாழ்ந்த ஆலாக்கள், மீன்கொத்திகள், கொக்குகள் குறைந்தன. கொசுவின் முட்டைப்புழுவைத் தின்னும் மீன் போனதால் கொசு பற்றிய கவலையும் கூடவே எழுந்தது. மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் கண்ட மண்ணில் அது சின்னக் கவலை இல்லை. நாற்பத்தைந்து ஆண்டு கழித்து மறுபடியும் போய்ப் பார்த்தவர்களும், உள்ளூர் மீன்கள் மீளவில்லை என்றே எழுதினார்கள்.

அந்தக் குடாவில் மூன்று நாளாக எனக்கு ஏதோ குறைகிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. நம் குளத்தில் ஒரு துடுப்பைப் போட்டால் நாலு பக்கமும் பொடிமீன் சிதறும். அங்கே அந்தச் சிதறல் இல்லை. ஏன் இல்லை என்பதற்கான விடை, தன் பிள்ளைகளைக் காக்க வாயைத் திறந்துகொண்டு என் படகின் முன்னால் நின்றது. அதை எப்படி வெறுப்பேன்? மாலையில் கம்போவாவில் அதே மீனை வறுத்து வைத்தார்கள். அங்குள்ள எளிய குடும்பங்களுக்கு அது அன்றாடச் சோறு. தூண்டில் போட்டுப் பிடித்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். அவர்களிடம் போய் அது வந்திருக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு குளத்திலிருந்து தப்பிய மீன் ஓர் ஏரியை இப்படி மாற்றிவிடும் என்பதை நம் ஊரில் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். தேளி என்று சொல்லி ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் குளங்களில் விடுகிறார்களே, அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

காத்தூனுக்குள் கடலும் நுழைந்துவருகிறது. டார்ப்பன் என்ற பெரிய கடல்மீன் கப்பலோடு கப்பலாக லாக்குகளில் ஏறி ஏரிக்குள் வந்துவிடுகிறது. அது மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கிப் புரளும்போது பலகைப் பலகையாக வெள்ளிச் செதில் மின்னும். உப்புநீரில் நான் பார்த்துப் பழகிய உருவத்தைக் காட்டு மரங்களுக்கு நடுவே பார்த்தபோது, வெளியூரில் நம் தெருக்காரரைச் சந்தித்தது போல் இருந்தது. 2016-இல் பெரிய கப்பல்களுக்கான புதிய லாக்குகள் திறந்த பிறகு கடல்மீன்களின் வரவு மிகவும் கூடிவிட்டதாக அங்குள்ள ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள்.

இன்னொரு சந்திப்பு, அதை நான் கண்ணால் கண்டேன் என்று சொல்ல முடியாது. நான்காம் நாள் மாலை, மழை விட்ட நேரம், ஏரி கண்ணாடி போல் கிடந்தது. படகின் இடப்புறம் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அப்படித்தான் கேட்டது. திரும்பினால் வட்டமான ஒரு மூக்கு மூடிக்கொண்டு கீழே போனது. பிறகு நீரின் மேல் வழவழப்பான வட்டங்கள், ஒன்றின் பின் ஒன்றாக, வாலை அசைத்துப் போகும் தடம். மானட்டீ.

நம் மன்னார் வளைகுடாவின் ஆவுளியாவுக்கு அது பங்காளி. அது எப்படி ஒரு காட்டு ஏரிக்குள் வந்தது? கொண்டுவந்தார்கள். 1964-இல், நீர்க்களைகள் பெருகிக் கொசுவுக்கு இடம் கொடுத்ததால், களையைத் தின்னட்டும் என்று பிடித்துவந்து விட்டார்கள். களை குறையவில்லை. மானட்டீகள் தங்கிவிட்டன. இங்கே 2022-இல் பாக் விரிகுடாவில் ஆவுளியாவுக்கென்று 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தபோது எனக்கு அந்தப் பெருமூச்சுதான் காதில் கேட்டது. நம் கடலில் அதைக் கேட்டவர்கள், இந்த அவையில் வயதான மீனவர்கள் சிலரைத் தவிர, யாராவது இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. உரை முடிந்ததும் வந்து சொல்லுங்கள்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், எதிர்பாராமல் ஒரு விலங்கைப் பார்த்தோம் என்று பயணக் கதைகளில் எல்லோரும் எழுதுகிறோம். நானும் முதல் நாள் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதினேன். நாலு நாள் கழித்து அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். முதலை பழைய ஆற்றின் வாரிசு. அவோர்க்கா லகார்த்தோ என்ற பெயரே அதற்குச் சாட்சி. குரங்கு மூழ்காத குன்றின் குடி. மீன் 1967-இன் கைப்பிழை, மானட்டீ 1964-இன் திட்டம். யார் எங்கே, ஏன் இருக்கிறார்கள் என்பதற்கு அந்த ஏரியில் காரணம் இல்லாத உயிர் ஒன்றும் இல்லை. எதிர்பாராமல் வந்து நின்றது அங்கே நான் ஒருவன்தான்.

அந்த ஏரிக்கு வந்த தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் சொல்ல வேண்டும். 2023-இல் மழை பொய்த்தது. நாளொன்றுக்கு 36 போல் போய்க்கொண்டிருந்த கப்பல்களை ஆண்டின் கடைசியில் 22 வரை குறைத்தார்கள். நீர் இறங்க இறங்க, கண்டிராத அடிமரங்களெல்லாம் வெளியே வந்தன. இப்போது தண்ணீருக்காக ரியோ இந்தியோ என்ற பக்கத்து ஆற்றில் இன்னோர் அணை கட்டத் திட்டம் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் ஒரு பள்ளத்தாக்கு, அங்கேயும் ஊர்கள். அந்த மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்துவருகிறார்கள். கப்பலில் பிழைத்தவன் நான். நான் கொண்டுபோன சரக்கெல்லாம் அந்தத் தண்ணீரில் மிதந்து போனதுதான். ஆகவே அந்த ஊர்க்காரர்களின் குரலை இங்கே நான் சொல்லாமல் போவது சரியாக இருக்காது.

கடைசி நாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

கம்போவாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். குடாவின் குறுக்கே, நடுநீரில், பாசி படிந்த ஒரு முடிக்கற்றை போல ஏதோ மெல்ல நகர்ந்துவந்தது. ஸ்லாத் என்று அதற்குப் பெயர். தமிழில் சிலர் அதைத் தேவாங்கு என்று எழுதிவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. இது மரத்தில் தலைகீழாகத் தொங்கி, இலை தின்று, வாரத்துக்கு ஒரு தடவை கழிவுக்காக மட்டும் தரைக்கு இறங்கும் பிராணி. தரையில் நடக்கத் திணறும். தண்ணீரில் நன்றாகவே நீந்தும். மூன்று நகம் கொண்ட நீண்ட கையை மாற்றி மாற்றி வீசி, தலையை மட்டும் உயர்த்திக்கொண்டு வந்தது. முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. நாங்கள் இருபது மீட்டர் பின்வாங்கி நின்றோம். கப்பல் பாதையில் ஏதோ ஒரு கப்பல் போயிருக்க வேண்டும். நீர் முதலில் சற்று உள்வாங்கியது, பிறகு அலை வந்தது. அது அலையோடு ஏறி இறங்கி, வந்த திசை மாறாமல் வந்தது.

நடுவில் ஓர் அடிமரம் நின்றது. 1913-க்கு முந்தைய காட்டு மரம். ஸ்லாத் அதை எட்டிப் பிடித்துக் கட்டிக்கொண்டது. நீர் சொட்டச் சொட்ட ஏறத் தொடங்கியது. உச்சி வரை ஏற அதற்குப் பத்து நிமிடம் பிடித்தது. அங்கே இலை இல்லை, கிளை இல்லை. கையை நீட்டி வெறுங்காற்றில் துழாவியது, ஒரு பக்கம், மறுபக்கம். பிறகு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. வழிகாட்டி துடுப்பைக் குறுக்கே வைத்துக்கொண்டு, "பொறுங்கள் கேப்டன்" என்றார். பொறுத்தோம். அது மெல்ல இறங்கி, மறுபடியும் நீரில் விழுந்து, கரையை நோக்கி நீந்தத் தொடங்கியது. அது கரையேறி, தாழ்ந்த கிளை ஒன்றைப் பிடித்து, இலைக்குள் போய் மறையும் வரை நாங்கள் அங்கேயே இருந்தோம். அதன் பிறகுதான் துடுப்பைப் போட்டோம்.